எங்களுக்கு முன்னே நடந்தவர்கள்

சாதாரணதரப் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன பிரிவு எடுக்கப் போறாய்?" இப்போது உயர்தரப் பரீட்சை நெருங்குகின்ற வேளையில் அந்தக் கேள்வி மாறிவிட்டது. "இதுக்குப் பிறகு என்ன?" என்கிறார்கள். முதல் கேள்விக்கு "வர்த்தகம்" என்று ஒரு சொல்லில் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடி நான் அலைந்த கதைதான் இந்தக் கட்டுரை.

கணக்கீட்டுப் பாடத்துக்காக வாரத்தில் இரண்டு நாட்கள் ஏறாவூரிலிருந்து பஸ் ஏறி தன்னாமுனைக்குப் போகிறேன். அங்கே வாவியைப் பார்த்தபடி ஒரு வீட்டு விறாந்தையில்தான் எங்கள் வகுப்பு நடக்கும். கற்பிப்பவர் அரச சேவையில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் "ரீச்சர்" என்றே கூப்பிடுவோம். ஒரு நாள் வகுப்பு முடிந்த பின்னும் நான் எழும்பாமல் இருந்ததைப் பார்த்து, "என்ன மகள், முகம் சரியில்லை?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பகுதி வழக்கப்படி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். வாப்பா பதினொரு வருடங்களாக கட்டாரில் நிற்கிறார். ராத்தாவின் வீடு முடிந்துவிட்டது. எனக்கான வீடு லிண்டல் மட்டம் வரை வந்து நிற்கிறது. முதல்நாள் இரவு வாப்பா தொலைபேசியில், "பரீட்சை முடிஞ்சதும் மேல் பிளேட்டைப் போட்டிரலாம் மகள். பிறகு உன்ட விசயத்தைப் பாப்பம்" என்றார். "உன்ட விசயம்" என்றால் எங்கள் ஊரில் கல்யாணம். பட்டயக் கணக்காளராக வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை அன்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "உனக்கு முன்னால் இந்த வழியில் போன பொம்பிளையள் என்ன செய்தாங்க எண்டு முதல்ல படி. எழுதிக்கொண்டு வா. அதுக்குப் பிறகு கதைப்பம்" என்றார். நான் ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்கினேன்.

முதலில் எழுதிய பெயர் நீதியரசர் பாத்திமா பீவி. 1927ஆம் ஆண்டு கேரளாவின் பத்தனம்திட்டாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தவரைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவரது தகப்பனார். 1950ஆம் ஆண்டு வழக்கறிஞர் பரீட்சையில் முதலிடம் பெற்றார். கீழ் நீதிமன்றத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து 1989ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதலாவது பெண் நீதிபதியானார். பின்னர் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். அவரைப் பற்றி வாசித்தபோது எனக்கு இரண்டு விஷயங்கள் பட்டன. ஒன்று, முதல் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு வாப்பா. மற்றையது, வழக்கறிஞராகி உச்ச நீதிமன்றத்தை அடைய அவருக்கு 39 வருடங்கள் சென்றன. நாமோ ஒரு தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்தாலே படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம்.

இரண்டாவது பெயர் கிரண் மஜும்தார் ஷா. வைத்தியராக வேண்டும் என்பதே அவரது முதல் விருப்பம். அது கைகூடவில்லை. பிறகு அவுஸ்திரேலியாவில் நொதித்தல் தொழிலைப் படித்துவிட்டு ஊர் திரும்பினார். பெண் என்பதால் அந்தத் துறையில் அவருக்கு வேலை கொடுக்க யாரும் முன்வரவில்லை. அவர் தான் படித்த அறிவை வேறு பக்கம் திருப்பினார். 1978ஆம் ஆண்டு பெங்களூரில் ஒரு வாகனக் கொட்டகையில் பத்தாயிரம் ரூபாய் முதலுடன் பயோகொன் நிறுவனத்தைத் தொடங்கினார். பப்பாசியிலிருந்து நொதியம் எடுத்து விற்பதுதான் ஆரம்ப வேலைகளில் ஒன்று. வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. ஒரு இளம் பெண்ணின் கீழ் வேலை செய்ய ஆட்களும் தயங்கினார்கள். அதே நிறுவனம் இன்று நீரிழிவு, புற்றுநோய் மருந்துகளை உலக நாடுகளுக்கு அனுப்புகிறது. உயிரியல் பிரிவில் மருத்துவ பீடம் கிடைக்காமல் அழுத என் தோழிகளின் மூத்த சகோதரிகளை நினைத்துக்கொண்டேன். ஒரு கதவு மூடினாலும் படித்த படிப்பு வீணாகிவிடுவதில்லை.

மூன்றாவது பெயரில் ரீச்சருக்கும் எனக்கும் பெரிய விவாதமே நடந்தது. சென்னையில் பிறந்த இந்திரா நூயி 2006 முதல் 2018 வரை பெப்சிகோ நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்தவர். நிறுவனத்தின் தலைவராகப் பதவி உயர்வு கிடைத்த இரவு, அந்தச் செய்தியைச் சொல்ல வீட்டுக்கு ஓடி வந்தாராம். தாயார் அதைக் கேட்பதற்கு முன், பால் முடிந்துவிட்டது, போய் வாங்கி வா என்று அனுப்பினாராம். கணவர் முன்பே வீட்டுக்கு வந்திருந்தாரே, அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அவர் களைத்துப் போயிருக்கிறார் என்பது பதில். பதவியின் கிரீடத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வா என்பது தாயாரின் கருத்து.

"நல்ல புத்திமதிதானே ரீச்சர், பெருமை கூடாது எண்டுதானே சொல்றாங்க" என்றேன்.

"பெருமை கூடாது, சரி. ஆனா களைச்சுப் போய் வந்தவ அவவும்தானே? அந்தப் பாலை ஏன் அவ மட்டும் வாங்க வேணும்?" என்று ரீச்சர் திருப்பிக் கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். பிறகு தேடிப் பார்த்தபோது நூயியும் 2021இல் வெளிவந்த தனது நூலில், குடும்பத்தின் துணையும் பிள்ளைப் பராமரிப்பு வசதியும் இல்லாமல் பெண்கள் வேலையில் நிலைக்க முடியாது என்று வாதாடியிருப்பதை அறிந்தேன். அவரது பிள்ளைகளை வளர்ப்பதில் தாயாரும் உறவினர்களும் கைகொடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணுக்குப் பின்னாலும் ஒரு உம்மாவோ மூத்தம்மாவோ நிற்கிறார்கள். அவர்களது உழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

தூர தேசத்தை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். உலகின் முதலாவது பெண் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா 1960ஆம் ஆண்டு தெரிவானது இங்கேதான். நம் சமூகத்திலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். கேரளாவிலிருந்து வந்து கொழும்பில் குடியேறிய ஆயிஷா ரவூப், 1946இல் ஆரம்பமான முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபராகப் பணியாற்றினார். கொழும்பு மாநகரப் பிரதி மேயராகவும் ஆனார். அதே கல்லூரியின் அதிபராக இருந்த ஜெஸீமா இஸ்மாயில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக உயர்ந்தார். பெண்களுக்கான வளர்ந்தோர் கல்விக்கும் பாடுபட்டார்.

இன்னும் கிட்டே வந்தால் நம் மட்டக்களப்புக் கச்சேரி. பி.எஸ்.எம். சாள்ஸ் அம்மையார் வவுனியாவில் அரசாங்க அதிபராக இருந்த காலம் யுத்தம் முடிந்து இலட்சக்கணக்கான மக்கள் முகாம்களில் தங்கியிருந்த காலம். அந்தப் பொறுப்பைச் சுமந்த பின் நம் மாவட்டத்துக்கு அரசாங்க அதிபராக வந்தார். அதன்பின் சுங்கத் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாகவும், வட மாகாண ஆளுநராகவும் கடமையாற்றினார். அவருக்குப் பிறகு கலாமதி பத்மராஜா, ஜஸ்டினா முரளிதரன் ஆகியோரும் அதே கதிரையில் அமர்ந்தார்கள். ஒரு பெண் வந்துபோன இடத்துக்கு அடுத்த பெண் வரும்போது யாரும் வியப்பதில்லை. முதலில் போகிறவர் செய்யும் பெரிய உதவி அதுதான். உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்களுக்கு என்ற சட்டம் 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்த பின், நம் ஊர்ச் சபைகளிலும் பெண்களின் குரல் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

கொப்பி நிரம்பிய பிறகு ரீச்சர் தன் முப்பது வருட அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொன்னார். அவற்றை உங்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, மொழி. சிங்களமும் ஆங்கிலமும் தெரியாமல் அரச சேவையிலும் தனியார் துறையிலும் மேலே போவது கஷ்டம். தொடக்கத்தில் சிங்களம் தெரியாததால் தான் எழுதிய அறிக்கையை இன்னொருவர் வாசித்துப் பெயர் வாங்கியதைச் சொன்னார். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களைச் சும்மா போக்காமல் மொழி படிக்கச் செலவிடுங்கள்.

இரண்டாவது, ஒரே வழியை நம்பி இருக்காதீர்கள். வர்த்தகப் பிரிவுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. ஆகவே இசட் புள்ளியில் சிறு வித்தியாசமும் முக்கியம். அது கிடைக்காவிட்டால் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களின் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் நான்காம் மட்டத்தில் தொடங்கி ஏழாம் மட்டமான பட்டம் வரை ஏறலாம். பட்டயக் கணக்காளர் கற்கைநெறியை உயர்தரத்துக்குப் பின் நேரடியாகவே ஆரம்பிக்கலாம்.

மூன்றாவது, செய்த வேலையை எழுதி வையுங்கள். என்ன செய்தோம், எப்போது முடித்தோம் என்று ஒரு குறிப்பு இருந்தால் பதவி உயர்வு நேர்முகத்தில் தலைகுனிய வேண்டியதில்லை. "நான் அடக்கமா இருக்கன்" என்று பேசாமல் இருந்தால் நம் வேலை நமக்கே மறந்துவிடும்.

நான்காவது, உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். முதல் சம்பளத்திலிருந்தே சிறு தொகையாவது அதில் போடுங்கள்.

ஐந்தாவது, முதல் பிள்ளை பிறந்தவுடன் அவசரப்பட்டு வேலையை விடாதீர்கள். லீவு, இடமாற்றம், உம்மா வீட்டு உதவி எல்லாவற்றையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். விட்ட வேலையைத் திரும்பப் பெறுவது கஷ்டம் என்பதைத் தன் சிநேகிதிகள் பலரிடம் கண்டதாகச் சொன்னார்.

கடைசியாக ஒன்று சொன்னார். "உன்ட வாப்பாவோட சண்டை பிடிக்காத மகள். நீ கணக்குப் படிக்கிற பிள்ளை. கணக்கா எழுதிக் காட்டு."

அப்படியே செய்தேன். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மேல் பிளேட்டுக்கான கம்பி, சீமெந்து, கூலி எல்லாவற்றையும் மேசன் மாமாவிடம் கேட்டு எழுதினேன். மறு பக்கம் கற்கைநெறிக் கட்டணம், புத்தகம், பஸ் செலவு எழுதினேன். பல்கலைக்கழகம் கிடைத்தால் கல்வி இலவசம், மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் கீழே குறித்தேன். இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தபோது படிப்புச் செலவு பிளேட்டின் பாதியைக்கூடத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை வாப்பா அழைத்தபோது அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். நெடுநேரம் சத்தமில்லை. உம்மா என் பக்கத்தில் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வீடு வேணாமெண்டு சொல்றியா மகள்?"

"இல்ல வாப்பா. வீடு வேணும். எங்கட பக்கம் பொம்புளைக்கு வீடு இரிக்கிறது நல்லது, ஒருத்தரும் அவள எழும்பிப் போ எண்டு சொல்லேலாது. ஆனா பிளேட்டு ரெண்டு வருசம் பொறுக்கும். படிப்பு பொறுக்காது."

வாப்பா சிரித்தாரா பெருமூச்சு விட்டாரா தெரியவில்லை. "இப்போதைக்கு ஓட்டைப் போட்டு மூடுவம். நீ பரீட்சையைச் செய்" என்றார். கல்யாணப் பேச்சு அன்று வரவில்லை. நாளை வரலாம். அப்போதும் கணக்கு எழுதித்தான் பேச வேண்டும்.

அன்பான பெற்றோரே, எங்களுக்காக நீங்கள் வெயிலிலும் வெளிநாட்டிலும் உழைப்பதை நாங்கள் அறிவோம். வியாபாரத்தில் தலைசிறந்து விளங்கிய கதீஜா நாயகியை நாம் உம்முல் முஃமினீன் என்று போற்றுகிறோம். எங்களுக்கு வீடு கட்டும்போது, அந்த வீட்டை நாங்களே பராமரிக்கும் வல்லமையையும் கட்டித் தாருங்கள். பாத்திமா பீவியின் தகப்பனாரைப் போல முதல் கதவைத் திறந்துவிடுங்கள். மீதித் தூரத்தை நாங்கள் நடப்போம்.

தோழிகளே, உங்கள் ஊரிலும் ஒரு ரீச்சர் இருப்பார். ஒரு மருத்துவத் தாதி, ஒரு வங்கி உத்தியோகத்தர், தையல் கடை நடத்தும் ஒரு மாமி இருப்பார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்களிடம் யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்டபோது ரீச்சருக்கு அன்று பிளேன்டீ ஊற்றக்கூட மறந்துபோயிற்று. வாவிக்கரையில் இருட்டி, கடைசி பஸ் வரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.