மாதம் 25 டாகா... வங்கதேசத்தில் மாணவிகள் மாணவர்களை முந்திய கதை!

மாதம் 25 டாகா. 1994-ம் ஆண்டு நம் பண மதிப்பில் ஏறக்குறைய 20 ரூபாய். இந்தச் சின்னத் தொகை ஒரு நாட்டின் வகுப்பறைகளையே மாற்றியது என்றால் நம்ப முடிகிறதா? வங்கதேசத்தில் அது நடந்தது.

1991-ல் அந்த நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் படித்தவர்களில் மூன்றில் ஒருவர்தான் பெண். மொத்தம் 11 லட்சம் மாணவிகள். 2005-ல் அந்த எண்ணிக்கை 39 லட்சம் ஆனது. மாணவர்களைவிட மாணவிகள் அதிகம்! பணக்கார நாடுகளே பல தலைமுறைகளில் எட்டிய சமநிலையை, வங்கதேசம் 15 ஆண்டுகளுக்குள் எட்டிவிட்டது.

எப்படி?

அப்பாக்கள் போட்ட கணக்கு

வங்கதேசக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்ணை மேலே படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். பெண் மீது பாசம் இல்லாமல் அல்ல. ஃபீஸ், புத்தகம், சீருடை எனச் செலவு ஒரு பக்கம். தூரத்துப் பள்ளிக்குத் தனியே அனுப்பும் பயம் இன்னொரு பக்கம். வயது ஏற ஏற வரதட்சணையும் ஏறும் என்ற கவலை எல்லாவற்றுக்கும் மேல். ‘சீக்கிரம் கட்டிக் கொடுத்தால் செலவு குறைவு’ என்பதுதான் அவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் உதவித்தொகை மாற்றியது. 1982-ல் சாந்த்பூர் மாவட்டத்தின் ஷாராஸ்தி பகுதியில், உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று இதைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. பலன் கிடைக்கவே, 1994-ல் அரசு இதை நாடு முழுக்கக் கிராமப்புறங்களுக்கு விரிவாக்கியது.

மூன்றே நிபந்தனைகள்

ஆறாம் வகுப்பு மாணவிக்கு மாதம் 25 டாகா. வகுப்பு ஏற ஏறத் தொகையும் உயர்ந்து, பத்தாம் வகுப்பில் 60 டாகா. புத்தகம் வாங்கவும் தேர்வுக் கட்டணம் கட்டவும் தனித்தொகை. இதைப் பெற மூன்று நிபந்தனைகள்:

1. 75 சதவிகித வருகைப்பதிவு வேண்டும்.
2. தேர்வில் 45 சதவிகித மதிப்பெண் வேண்டும்.
3. பத்தாம் வகுப்பு முடியும்வரை திருமணம் செய்யக் கூடாது.

பணம் அப்பா கைக்குப் போகவில்லை. மாணவியின் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறக்கப்பட்டது. அம்மாவுக்கே வங்கிக் கணக்கு இல்லாத வீட்டில், 12 வயது மகள் கையெழுத்துப் போட்டுத் தன் பணத்தை வாங்கினாள்!

பள்ளிகளுக்கும் இதில் லாபம் இருந்தது. மாணவிகளுக்கான கல்விக் கட்டணத்தை அரசே பள்ளிக்குக் கொடுத்தது. எத்தனை மாணவிகளோ அத்தனை பேருக்கான பணம். அதனால் பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதில் பள்ளிகளும் ஆர்வம் காட்டின.

உதவித்தொகை மட்டுமா?

இல்லை. 1990-ல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 1993-ல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்கு தானியம் வழங்கும் திட்டம் வந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணியிடங்களில் 60 சதவிகிதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ‘பிராக்’ தொண்டு நிறுவனம் 1985 முதல் கிராமங்களில் ஓரறைப் பள்ளிகளை நடத்தியது. அவற்றில் படித்தவர்களில் பெரும்பாலானோர் பெண் பிள்ளைகள்.

இன்னொரு பக்கம், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்த பெண்ணுக்கு அங்கே கூடுதல் வாய்ப்பு. ‘படித்தால் மகளும் சம்பாதிப்பாள்’ என்பதைப் பெற்றோர் கண்ணால் பார்த்தார்கள்.

சேர்ந்தார்கள்... முடித்தார்களா?

இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கிறது. பள்ளியில் சேர்வதில் முந்திய பெண்கள், முடிப்பதில் முந்தவில்லை. பத்தாம் வகுப்பைத் தொடும் முன்பே படிப்பை விடுபவர்களில் மாணவிகளின் விகிதம்தான் அதிகம். முக்கியக் காரணம், அதே பழைய கல்யாணம்.

2019-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. பெண்ணின் சட்டப்படியான திருமண வயது அங்கே 18. ஆனால் 2017-ல் வந்த சட்டம், ‘சிறப்புச் சூழ்நிலை’ என்றால் நீதிமன்ற அனுமதியோடு அதற்கு முன்பும் திருமணம் செய்ய வழிவிட்டது.

கொரோனா காலம் இன்னொரு அடி. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 2021 செப்டம்பரில்தான் திறந்தன. திரும்பி வராத மாணவிகளில் பலர் அதற்குள் மனைவியாகி இருந்தார்கள்.

உதவித்தொகைத் திட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. ‘திருமணம் செய்யக் கூடாது’ என்ற நிபந்தனை பல பெண்களைக் காத்தது உண்மை. ஆனால் 14 வயதில் வலுக்கட்டாயமாகத் தாலாட்டும் தொட்டிலும் கொடுக்கப்பட்ட சிறுமிக்கு, அதே நிபந்தனை கதவை மூடியது. முடிவெடுத்தது பெற்றோர், உதவித்தொகையை இழந்தது அவள்.

இப்போது என்ன?

பின்னாளில் உதவித்தொகை ஏழை மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வேலைக்குப் போக வேண்டிய கட்டாயத்தில் பள்ளியை விட்ட சிறுவர்களுக்கும் அது தேவைப்பட்டது. பணமும் இப்போது செல்போன் வழியே வருகிறது.

பெண்ணைப் பள்ளி வாசல்வரை கூட்டிவர 25 டாகா போதுமானதாக இருந்தது. பத்தாம் வகுப்பு முடியும்வரை அவளை அங்கேயே வைத்திருக்க, வீட்டில் இருப்பவர்களின் கல்யாணக் கணக்கும் மாற வேண்டும். வங்கதேசத்தின் அடுத்த பரீட்சை அதுதான்!