தாடை வலிக்காமல் ‘ஆ’ காட்டலாம்!



வகுப்பறையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை எது தெரியுமா? ‘வாயை மூடு!’ என்பதுதான். பல் டாக்டரின் அறையில் எல்லாமே தலைகீழ். ‘வாயைத் திற, இன்னும் கொஞ்சம் திற, மூடாதே!’ என்பதுதான் அங்கே பாட்டு.

பல் டாக்டர் என்றால் பிள்ளைகளுக்கு ஊசிதான் பயம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு மாணவி, சொத்தைப் பல்லை மறைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஒரு பக்கமாகவே சோறு மென்றாள். கன்னம் வீங்கிய பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். “ஊசிக்குப் பயமில்லை சார். போன தடவை ரொம்ப நேரம் வாயைத் திறந்தே வச்சிருந்தேன். தாடை விட்டுப்போச்சு. தண்ணி தொண்டைக்குள்ள இறங்கிச்சு. சொல்லலாம்னா வாய் நிறைய குழாய்!” என்றாள். நியாயமான பேச்சுதானே?

முதலில் தாடை ஏன் வலிக்கிறது என்று பார்ப்போம். இரண்டு ஆட்காட்டி விரல்களையும் காதுகளுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ அசைகிறதா? அதுதான் உங்கள் தாடை மூட்டு. முதலில் கதவுக் கீல் மாதிரி சுழலும். வாய் பெரிதாகத் திறக்கும்போது சற்று முன்னோக்கி வழுக்கியும் வரும்.

இப்போது பற்களைக் கடித்துக்கொண்டு கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் தொடுங்கள். தசைகள் புடைக்கும். கரும்பைக் கடிக்கும் பலசாலிகள் இவைதான். ஆனால் இவர்களுக்குத் தெரிந்த வேலை, வாயை மூடுவது! திறந்தே வைத்திருக்கும்போது இவை இழுபட்டு நிற்கின்றன. திறந்து பிடிக்கும் வேலையைத் தாடைக்கு அடியிலும் உள்ளேயும் இருக்கும் சிறிய தசைகள் ஓய்வில்லாமல் செய்கின்றன. பி.டி. வகுப்பில் கையைப் பக்கவாட்டில் நீட்டியபடியே நிற்கச் சொன்னால் சிறிது நேரத்தில் தோள் கடுக்குமே, அதே கதைதான். ஆகவே தாடை வலித்தால் நீங்கள் கோழை என்று அர்த்தமில்லை.

இதற்கு டாக்டர்களிடம் ஓர் எளிய பொருள் இருக்கிறது. ‘பைட் பிளாக்’ என்பார்கள். ஆப்பு வடிவில் இருக்கும் ரப்பர் கட்டை. வேலை நடக்காத பக்கத்துக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்துவிடுவார்கள். அதன்மேல் லேசாகக் கடித்துக்கொண்டால் போதும்; வாயைத் திறந்து பிடிக்கும் பாரத்தைக் கட்டை பார்த்துக்கொள்ளும், தாடை இளைப்பாறும். நழுவி உள்ளே போய்விடாதபடி அதில் ஒரு நூலைக் கட்டி வெளியே விட்டிருப்பார்கள். சிறுவர்களுக்கென்று சின்ன அளவும் உண்டு. பெரிதாக இருந்து இழுத்தால், “சின்னது இருக்கா டாக்டர்?” என்று தாராளமாகக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். எப்போதும் குகை மாதிரி வாயைப் பிளக்க வேண்டியதில்லை. மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கத்தைப் பார்க்க, பாதி மூடினால்தான் டாக்டருக்கு வசதி. அப்போது கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும். அவர் சொல்கிற அளவுக்குத் திறந்தால் போதும்.

சரி, வாயில் குழாய் இருக்கும்போது எப்படிப் பேசுவது? கையால்தான்! நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, “எனக்கு ஓய்வு வேண்டுமென்றால் இடது கையைத் தூக்குகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் உங்கள் வலது பக்கம் உட்கார்ந்து வேலை செய்வதால் இடது கை அவர்களுக்கு இடைஞ்சலாக இராது. கையைத் தூக்கியவுடன் வாயை மூடிவிடக் கூடாது, தலையையும் திருப்பக் கூடாது. பல்லைக் குடையும் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் முறைக்கு மேலும் சுழலும். அது வாயை விட்டு வெளியே வரும்வரை அசையாமல் இருங்கள்.

அவ்வளவு வேகத்தில் பல் சூடாகிவிடாமல் இருக்கத்தான் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். அதையும் எச்சிலையும் உறிஞ்சுவதற்கு வளைந்த குழாய் ஒன்று இருக்கும். தண்ணீர் தேங்கினால் விழுங்கப் போராட வேண்டாம், கையைத் தூக்குங்கள். மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் குமட்டலும் குறையும். இதை வீட்டிலேயே பழகலாம்: கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து வைத்து, மூக்கால் மட்டும் பத்து மூச்சு. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத வேலை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

வேர் சிகிச்சையின்போது ‘ரப்பர் டேம்’ என்ற மெல்லிய விரிப்பைக் கட்டுவதுண்டு. அதன் ஓட்டை வழியாகச் சிகிச்சைக்குரிய பல் மட்டும் எட்டிப் பார்க்கும். தண்ணீரும் துகளும் தொண்டைக்குப் போகாது. 1864-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கண்ட வழி இது! பலூனைத் தொட்டாலே அரிப்பு வருகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரப்பர் இல்லாத விரிப்பும் இருக்கிறது.

உதடு வறண்டு வெடிக்கும் என்றால், போகும்போதே கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் தாடை கொஞ்சம் கடுக்கலாம். அன்றைக்கு முறுக்கு, சீடை வேண்டாம். இட்லி, தயிர் சாதம் போதும். வெதுவெதுப்பான துணியால் ஒற்றினால் இதமாக இருக்கும். ஓரிரு நாளில் சரியாகாவிட்டாலோ, வாய் சரியாகத் திறக்காவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், உணர்ச்சி திரும்பும்வரை எதையும் மெல்லாதீர்கள். உதட்டையே மென்றுவிட்டு மறுநாள் வீங்கிய வாயோடு பள்ளிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்!