பழைய வீட்டின் வெளிப்புற மராமத்தும் அதற்குரிய முன்னேற்பாடும்

சங்கங்களுக்கு வரும் கடன் மனுக்களில், “வீடு மராமத்துக்காக” என்று ஒரே வரி எழுதி, அதற்கெதிரே ஒரு தொகையைக் குறிப்பிட்டுவிடும் வழக்கம் அங்கத்தினர்களிடையே பெரிதும் காணப்படுகிறது. எந்தச் சுவர், என்ன பழுது, எவ்வளவு சாமான், எந்த மாதத்தில் வேலை என்பவை ஒன்றும் அவ்வரியில் இரா. கொத்தனார் திண்ணையில் நின்றபடியே சொன்ன மதிப்பாகவே அத்தொகை பெரும்பாலும் இருக்கும். இவ்விதம் வாங்கிய கடன் தெருவில் போவோர் கண்ணுக்குத் தெரியும் முகப்பிலேயே தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்குக் கேடு விளைவிப்பவையோ, கொல்லைப்புறத்து இறவாரமும் சந்துப் பக்கத்துச் சுவரடியுமே. அவை அப்படியே நின்றால், அங்கத்தினருக்குத் தவணையும் மிஞ்சும், ஒழுக்கும் மிஞ்சும்.

மண் சாந்தில் அல்லது சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் கட்டி, பனங்கைகளின்மேல் நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளே நமது கிராமங்களில் பழைய வீடுகளெனப்படுபவை. இவை தலையும் காலும் நனையாதிருக்கும்வரை பல தலைமுறை நிற்கும். ஆதலின் மராமத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கூரை, அடுத்துச் சுவரடியில் நீர் வடியும் வழி, பின்னர் வெடிப்பும் பூச்சும், எல்லாவற்றுக்கும் கடைசியில் வெள்ளை. கலியாணத்தை முன்னிட்டு இவ்வரிசையைத் தலைகீழாக்குவோர் பலர். அவ்வெள்ளை அடுத்த ஐப்பசியில் பச்சைப்பாசியாகி நிற்கும்.

பழுதைக் கண்டறிய ஏற்ற காலம் மழைக்காலமே. நல்ல மழை பெய்யும்போது ஒரு குடையுடன் வீட்டை ஒருமுறை சுற்றிவந்தால், வெயிலில் பத்து நாள் பார்த்தாலும் தெரியாதது தெரிந்துவிடும். இறவாரத்து நீர் எங்கே விழுகிறது, விழுந்த நீர் எப்பக்கம் ஓடுகிறது, எவ்விடத்தில் சுவரை ஒட்டித் தேங்குகிறது என்பவற்றைக் கரித்துண்டால் சுவரிலேயே அடையாளமிட்டுக்கொள்ளலாம். மழை விட்டபின் அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். அந்தத் தாளே பின்னர் எஸ்டிமேட்டுக்கு ஆதாரம்.

கூரையில் உடைந்த ஓடு எளிதில் தெரியும். பனங்கைகளின் நுனியும், அவை சுவரின்மேல் அமரும் இடமுமே முக்கியமாகச் சோதிக்கத்தக்கவை. கத்தி நுனியால் குத்தினால் உறுதியான மரம் தடுக்கும். உளுத்த மரத்தில் கத்தி இறங்கும். தட்டினால் பொள்ளலாக ஒலிப்பதும், சுவரில் மண்கோடு ஏறியிருப்பதும் கரையானைக் காட்டும். இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தில் சருகு அடைத்து நீர் பின்வாங்குவதாலேயே பல ஒழுக்குகள் உண்டாகின்றன. அதற்குச் செலவு ஒரு விளக்குமாறுதான். நாட்டு ஓட்டை நீக்கி மங்களூர் ஓடு போட விரும்புவோர், அவ்வோட்டுக்குரிய சட்டங்கள் வேறு இடைவெளியில் அடிக்கப்படவேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வாராக. மங்களூரில் 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அவ்வோடு, ஒன்றோடொன்று பொருந்திக்கொள்வது; கோணிய மரத்தின்மேல் அது பொருந்தாது.

அடுத்தது சுவரடி. தெருவுக்கு மண்ணும் கல்லும் கொட்டிக் கொட்டித் தெரு உயர்ந்துவிட, பழைய வீடுகள் பள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டன. சுவரிலிருந்து வெளிநோக்கி மூன்றடி தூரத்துக்கு இரண்டு அங்குலமாவது தரை சரிந்திருந்தால் நீர் விலகி ஓடும். இவ்வேலைக்கு வேண்டுவது மண்வெட்டியும் இரண்டு நாள் ஆள்கூலியுமே. சுவரில் முளைத்த அரசங்கன்றை மேலே மட்டும் வெட்டினால் அது மேலும் தழைக்கும்; அவ்விடத்துக் கற்களைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டு மீண்டும் கட்டவேண்டும். அரசைப் பிடுங்கக் கூசுவோர் அதை ஏரிக்கரையில் நட்டுவிடலாம்.

வெடிப்பைக் கண்டவுடன் பூசி மறைத்தல் கூடாது. வெடிப்பின் இருபுறமும் கோடிட்டு, இடைவெளியை அளந்து, தேதியையும் சுவரில் எழுதிவைக்கவேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழித்து அளக்கையில் இடைவெளி மாறாதிருந்தால் பூசலாம். அகன்றிருந்தால் கடைகால் இறங்குகிறது என்பது பொருள். அங்கே பூச்சு பயன்படாது. சுவர் வெளிப்புறம் சாய்ந்திருப்பதாகத் தூக்குக்குண்டு காட்டினால், முட்டுக்கொடுத்துவிட்டு, தேர்ந்த கொத்தனாரையோ இஞ்சினீயரையோ கலந்துகொள்ளும்வரை அதனருகில் எவரும் படுக்கவேண்டாம்.

பூச்சு விஷயத்தில் சற்று விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. சிமெண்டு கெட்டியானது, ஆகவே பழைய சுவருக்கும் நல்லது என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. பழைய சுவர் நிலத்திலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிடும் இயல்புடையது. சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இடங்கொடுக்கிறது. சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை எளிதில் வெளிவிடாது. உள்ளே தங்கிய ஈரம் மேலேறி, உப்பைக் கொணர்ந்து, சில ஆண்டுகளில் பூச்சைத் தகடாகத் தள்ளிவிடுகிறது. விழும்போது அது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். பழைய பூச்சு சுண்ணாம்பாயின் புதியதும் சுண்ணாம்பாகவே இருப்பது நலம்.

சுண்ணாம்பைக் காளவாயிலிருந்து வாங்கி நீற்றி, சில நாட்களாவது ஊறவிட்டபின், ஒரு பங்குக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு உப்பில்லா மணல் சேர்த்து நன்றாக அரைக்கவேண்டும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்க்கும் பழைய முறை அறிந்த கொத்தனார் கிடைத்தால் விடவேண்டாம். நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும், குழந்தைகளை அண்டவிடலாகாது. சுவரின் இடுக்குகளை அரை அங்குல ஆழம் சுரண்டி, சுவரை நனைத்து, மெல்லிய படைகளாகப் பூசவேண்டும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்றே சுண்ணாம்பு இறுகுவதால், கடும் வெயிலில் உடனே காய்ந்தால் பொடிந்துவிடும். ஈரச்சாக்கோ தென்னங்கீற்றோ மறைவாகக் கட்டி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரம் காத்தல் வேண்டும். இதற்குத் தை, மாசி ஏற்றவை. அறுவடைப் பணமும் அப்போதுதான் கைக்கு வரும்.

எஸ்டிமேட்டில் சாமான், வண்டிச்சத்தம், கூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கவேண்டும். ஓட்டைப் பிரித்தபின்னரே சில பழுதுகள் வெளியாகும். ஒரே தெருவில் நாலைந்து அங்கத்தினர் ஒரே பருவத்தில் வேலை தொடங்கினால், சுண்ணாம்பும் மணலும் ஒரே நடையில் கொணரலாம். சாரத்துக்குரிய மூங்கிலையும் ஏணியையும் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளலாம். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் தன் முகவுரையில் சிக்கனத்தையும் தன்னுதவியையும் குறிப்பிட்டது. கடன் தொகையைக் குறைக்கும் இத்தகைய ஏற்பாடு அதற்குள் அடங்கியதே.

மனுவுடன் மழைக்காலத்தில் எழுதிய தாளையும் எஸ்டிமேட்டையும் இணைத்துக் கொடுத்தால், நிர்வாகிகள் வீட்டை நேரில் பார்த்து முடிவு செய்ய இயலும். தொகையை இரண்டு தவணையாகக் கேட்பது நன்று: முதலாவது கூரைக்கும் சுவரடிக்கும், இரண்டாவது, அவ்வேலை முடிந்ததைக் கண்டபின், பூச்சுக்கும் வெள்ளைக்கும்.