நரம்புச் சுருட்டல் ஆபரேஷனா? எந்த மயக்க ஊசி என்று கேளுங்கள்!

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவரா நீங்கள்? கெண்டைக்காலில் நரம்பு புழு மாதிரி நெளிகிறதா? (நரம்பு என்கிறோம், அது ரத்தக்குழாய்தான்.) ஆபரேஷன் என்றதுமே, "மயக்கம் கொடுப்பாங்களாமே!" என்று பயம் வரும்.

முழு மயக்கம் எல்லோருக்கும் தேவைப்படாது. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே சில மணி நேரம் மரத்துப்போகும். அதுவரை நடக்க முடியாது. சிலருக்குச் சிறுநீர் சட்டென்று இறங்காது, தலைவலியும் வரலாம்.

லேசர் சிகிச்சைக்கு வேறு வழி இருக்கிறது. லிக்னோகெயின் மருந்தை நிறைய சலைனில் கலந்து, ரத்தக்குழாயைச் சுற்றிலும் ஏற்றுவார்கள். நாலைந்து இடத்தில் சுருக்கென்று குத்தும், பொறுத்துக்கணும். பிறகு வலி தெரியாது. லேசர் சூடும் தோலைத் தாக்காது. முடிந்ததும் எழுந்து நடக்கலாம். நடந்தால்தான் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும்.

கோரிமேடு ஜிப்மரோ, தனியார் ஆஸ்பத்திரியோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதுகு ஊசிக்கு முன்பே மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.