கையை மூடிக் குத்துவதா, விரித்து அடிப்பதா?

வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரியாக வேண்டும் என்பதால், மரக்காணம் உப்பளங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் விடியாத இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்திலும் விளக்கில்லாத அளத்து வரப்பிலும் நடக்க வேண்டும். எவனாவது வழிமறித்தால்? "மூக்கிலேயே ஓங்கி ஒரு குத்து விடு" என்று சொல்லித்தான் பெரும்பாலோர் தைரியம் கொடுக்கிறார்கள். அந்தக் குத்தில் எதிராளிக்கு வலிப்பது நிச்சயமில்லை. குத்தியவர் கை உடைய நல்ல வாய்ப்பு உண்டு. கூடை தூக்கியும் பலகை பிடித்தும் அன்றாடக் கூலி வாங்குகிறவருக்குக் கை உடைந்தால் வீட்டில் உலை கொதிக்காது. தற்காப்பு பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் உடைவது குத்திய கை

ஒரு கையில் 27 எலும்புகள். பெரும்பாலானவை மெல்லியவை. மண்டையோட்டின் நெற்றிப் பகுதியும் தாடையும் அப்படியல்ல. அவசரத்தில் வீசும் குத்து குறி வைத்த இடத்தில் விழாது. எதிராளி தலையைக் குனிந்தால் மூக்குக்குப் போன குத்து நெற்றியில் இறங்கும். அப்போது பெரும்பாலும் முறிவது சுண்டுவிரலுக்குக் கீழே, புறங்கையில் இருக்கும் எலும்பின் கழுத்துப் பகுதி. இதற்குக் 'குத்துச்சண்டை வீரர் முறிவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் பயிற்சி பெற்ற வீரர்களைவிடப் பழக்கமில்லாதவர்களுக்கே இது அதிகம் வருகிறது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக் குத்தினால் கட்டைவிரலும் போகும்.

பயிற்சி பெற்றவர் மட்டும் தப்பிவிடுவார் என்பதும் இல்லை. 1988 ஆகஸ்டில் உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த மைக் டைசன், நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் மிட்ச் கிரீன் என்ற குத்துச்சண்டை வீரரோடு வெறுங்கையால் மோதினார். டைசனின் வலது கையில் எலும்பு முறிந்தது. அடுத்து நடக்கவிருந்த பந்தயம் தள்ளிப்போனது. மேடையில் அவர் கையைக் காத்தவை துணிக்கட்டும் கையுறையும்.

பல் பட்ட கீறலைச் சின்னதாக நினைக்காதீர்கள்

எலும்பு முறிவைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். குத்து வாயில் பட்டு, எதிராளியின் பல் விரல் முட்டியில் குத்தியிருக்கும். அரிசி அளவுக் கீறல். ரத்தம்கூட உடனே நின்றுவிடும். கை மூடியிருக்கும்போது முட்டியின் மேல் தசைநாண் இழுத்து நீட்டப்பட்டிருக்கிறது. பல் அதையும் கிழித்து மூட்டுக்குள் இறங்கியிருக்கலாம். கையை விரித்ததும் தசைநாண் பின்னுக்கு நகர்ந்து ஓட்டையை மூடிவிடும். வாயிலிருந்து வந்த கிருமிகள் உள்ளே அடைபட்டுப்போகும். ஓரிரு நாளில் முட்டி வீங்கிச் சிவந்து, விரலை அசைக்க முடியாமல் வலிக்கும். தாமதித்தால் மூட்டே அழுகி விரல் விறைத்துப்போகலாம்.

உப்பு நீரில் ஊறி வெடித்த கைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வெடிப்பு வழியாக மற்றவர் ரத்தம் கலந்தால் மஞ்சள் காமாலை பி போன்ற நோய்களும் தொற்றலாம். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ வைக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டி, "பல் பட்ட காயம்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். இத்தகைய காயத்தைப் பொதுவாகத் தைத்து மூட மாட்டார்கள்; உள்ளே கழுவி, ஆன்டிபயாடிக் கொடுத்து, டி.டி. ஊசி தேவையா என்று பார்ப்பார்கள்.

உள்ளங்கை மேடு

மணிக்கட்டை ஒட்டி உள்ளங்கையில் சதைப்பற்றான மேடு ஒன்று இருக்கிறது. விரல்களைப் பின்னுக்கு வளைத்து, அந்த மேட்டால் கீழிருந்து முகவாயையோ மூக்கையோ நோக்கித் தள்ளி அடித்தால், அடியின் விசை விரல் எலும்புகளில் ஏறாமல் முன்கைக்கு நேராகப் போகும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கைச்சண்டை சொல்லிக்கொடுத்த ஃபேர்பேர்ன் முகவாய்க்கு இந்த அடியைத்தான் கற்பித்தார். 1993-ல் ஜப்பானில் தொடங்கிய பான்கிரேஸ் போட்டிகளில் முகத்தில் மூடிய கையால் குத்தத் தடை இருந்தது. வீரர்கள் உள்ளங்கையாலேயே எதிராளியைச் சாய்த்தார்கள்.

கையை மூடித்தான் ஆக வேண்டும் என்றால், சுண்டுவிரல் பக்கத்துச் சதையால் மேலிருந்து கீழே இடிப்பது முட்டியால் குத்துவதைவிடப் பாதுகாப்பானது. கண்ணாடி வளையல் போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அடிக்கும் வேகத்தில் அது உடைந்து மணிக்கட்டைக் கிழிக்கும். விரல் நுனியால் அடித்தால் விரல் பிசகும்.

எந்த அடியும் ஓடுவதற்கு நேரம் வாங்கித் தரத்தான். ஓங்கிக் கத்துங்கள், அடியுங்கள், ஆள் இருக்கும் பக்கம் ஓடுங்கள். நின்று சண்டையை முடிக்க வேண்டியதில்லை.

அறையும் சாதாரணமல்ல

விரித்த கை எதிராளிக்கு ஆபத்தில்லாதது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குவித்த கை காதின் மேல் விழுந்தால், அடைபட்ட காற்றின் அழுத்தத்தில் செவிப்பறை கிழியும். அடிப்பவர் பெரும்பாலும் வலக்கைக்காரர் என்பதால் இடது காதில் இது அதிகம். குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்துவிட்டு, "ஒரு அறைதானே விட்டேன்" என்று சொல்லும் கணவன்மார் இதைக் கேட்க வேண்டும்.

அறை வாங்கிய பின் காது அடைத்தாலும், இரைந்தாலும், ரத்தமோ நீரோ வந்தாலும் எண்ணெய் ஊற்றாதீர்கள். சொட்டு மருந்தும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு காது மருத்துவரிடம் காட்டுங்கள். சின்னக் கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில்

கை வீங்குவதற்கு முன்பே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். விரல்களை மெதுவாக மடக்கிப் பாருங்கள். ஒரு விரல் இன்னொன்றின் மேல் ஏறிப் படுத்தால் எலும்பு திரும்பியிருக்கிறது. எக்ஸ்ரே எடுக்காமல் புத்தூர் கட்டுக்குப் போக வேண்டாம். எந்தக் கட்டாக இருந்தாலும் விரல் நீலமாகிறது, மரத்துப்போகிறது என்றால் உடனே அவிழ்க்கச் சொல்ல வேண்டும். மரக்காணம் அரசு மருத்துவமனையில் முதலுதவி பெறலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன.

தாக்கியது யார் என்று மருத்துவரிடம் சொல்லி, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்கள். 'கீழே விழுந்துட்டேன்' என்று சொன்னால், பின்னால் வழக்கு போடும்போது உங்கள் பதிவே உங்களுக்கு எதிராக நிற்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34-வது பிரிவு, தற்காப்புக்காகச் செய்த செயல் குற்றமாகாது என்கிறது. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது என்ற எல்லையையும் 37-வது பிரிவு வைத்திருக்கிறது. விழுந்துகிடப்பவனை மீண்டும் அடித்தால் அது தற்காப்பு ஆகாது. பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

மழை மாதங்களில்

படித்து மட்டும் இது கைக்கு வராது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அளத்தில் வேலை நின்றுவிடுகிறது. அந்த வாரங்களில், கடலோர ஊர்களின் புயல் பாதுகாப்பு மையங்களில் பெண்களுக்கு உள்ளங்கை அடியும், பிடியிலிருந்து விடுபடும் முறையும் கற்றுக்கொடுக்கலாம். சிலம்பமும் குத்துவரிசையும் சொல்லித்தரும் ஆசான்கள் நம் வட்டாரங்களில் இன்னும் இருக்கிறார்கள். மணல் நிரப்பிய கோணிப்பையைத் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். பயிற்சிக்கு வரும் செவிலியர் ஒருவர் அதே இடத்தில் கை வெடிப்புகளையும் பார்த்து, டி.டி. ஊசி விட்டுப்போனவர்களுக்குப் போட்டுவிடலாம். ஊராட்சியும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்தால் அடுத்த ஐப்பசியிலேயே தொடங்கிவிடலாம்.