உங்க வீட்டுக் குப்பையை யார் சாப்பிடுறாங்க?

மார்கழியில இட்லி மாவு ஆட்டி வெச்சா, விடிஞ்சாலும் சரியாப் பொங்காது. அதே மாவு சித்திரை வெயில்ல சில மணி நேரத்துலயே பாத்திரத்தை விட்டு வழியும். மாவு அதேதான், அளவும் அதேதான். மாறினது வெப்பம் மட்டும்தான். சூடு கூடினால் நுண்ணுயிர்களின் வேலையும் வேகமாகும். குப்பைக்கும் இதே கணக்குதான்.

நாம் தூக்கிப் போடும் காய்கறித் தோல், மீந்த சோறு, டீத்தூள் எல்லாமே நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. எந்த நுண்ணுயிர் சாப்பிடப் போகுது என்பதைத் தீர்மானிப்பது காற்று.

காற்று இருந்தால்...

காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் குப்பையை மக்கவைத்து உரமாக்கும். அப்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் அது. அதனால் புதுச் சுமை கிடையாது.

காற்று இல்லைன்னா...

கிடங்கில் மலை போலக் குவிந்த குப்பையின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பிக்கும். அவை வெளியிடுவது மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இது கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 80 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். மீத்தேனுக்கு வாசனை கிடையாது. கிடங்குப் பக்கம் போனா மூக்கைப் பொத்த வைப்பது அதனுடன் வரும் வேறு வாயுக்கள்.

இங்கேதான் சுழற்சி தொடங்குது. மீத்தேன் பூமியைச் சூடாக்கும். சூடு கூடினால் நுண்ணுயிர்கள் இன்னும் வேகமாக வேலை செய்யும். மீத்தேன் இன்னும் கூடும். மேலும், இது எரியும் வாயு. கிடங்கில் தீ பிடித்தால் அணைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை, 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கில் பற்றிய தீயின்போது சென்னை நேரில் பார்த்தது. சுற்றி இருந்த மக்கள் நாள்கணக்கில் புகையைச் சுவாசித்தார்கள்.

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் தேங்கிய பழைய குப்பையை 'பயோமைனிங்' முறையில் பிரித்து அகற்றும் பணி எடுக்கப்பட்டுள்ளது. ஆனால் புதுக் குப்பை கலந்தே வந்தால், பிரச்சினை திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

நீங்க என்ன செய்யலாம்?

• மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் தனித்தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்க. பேட்டரி, பழைய மருந்து, உடைந்த பல்பு தனியாக இருக்கட்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி பிரித்துக் கொடுப்பது நம் கடமை.

• மக்கும் குப்பையை பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டுக் கொடுக்காதீங்க. காற்று போகாத அந்தக் கவர், ஒரு குட்டிக் குப்பைக் கிடங்குதான்.

• இடம் இருந்தால் வீட்டிலேயே உரம் போடுங்க. பழைய வாளியில் ஓட்டை போட்டு, காய்கறிக் கழிவு ஒரு அடுக்கு, காய்ந்த இலை ஒரு அடுக்கு என மாற்றி மாற்றிப் போட்டு, கொஞ்சம் புளித்த மோர் தெளிங்க. வாரம் இரண்டு முறை கிளறிவிட்டால், சுமார் இரண்டு மாதத்தில் மண்வாசனை வரும் உரம் தயார்.

• வாளியில் நாற்றம் வந்தால், உள்ளே காற்று போகவில்லை என்று அர்த்தம். காய்ந்த இலையோ தேங்காய் நாரோ சேர்த்துக் கிளறுங்க, சரியாகிடும்.

உங்க தெருவில் பிரித்துக் கொடுத்த குப்பையை ஒன்றாகக் கலக்கிறார்களா? சென்னையில் 1913 எண்ணுக்கு அழைத்துப் புகார் தரலாம். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.

நுண்ணுயிர்கள் எப்படியும் சாப்பிடத்தான் போகின்றன. அதில் கிடைப்பது உரமா, மீத்தேனா என்பது, நாளைக் காலை உங்க வீட்டு வாசலில் எத்தனை வாளி இருக்கு என்பதைப் பொறுத்தது.