லட்ச ரூபாய் சைக்கிளும் எட்டாயிரம் ரூபாய் சைக்கிளும்!

மேகமலை ரோட்டில் தம்பி கையை முறித்த "கியர்" வண்டி

சின்னமனூர்,-

ஒரு சைக்கிள் என்ன விலை இருக்கும்? ஆறாயிரம், ஏழாயிரம் என்பீர்கள்.

லட்ச ரூபாய் சைக்கிளைப் பார்த்திருக்கிறீர்களா? அதைப் பார்க்கச் சீமைக்குப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சின்னமனூரிலிருந்து மேகமலை போகும் ரோட்டோரம் நின்றால் போதும். தலையில் தொப்பி, உடம்போடு ஒட்டிய பனியன், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. குனிந்தபடி "சர்"ரென்று போவார்கள். சத்தமே கேட்காது.

சின்னமனூரிலிருந்து மேகமலை சுமார் 40 கிலோ மீட்டர். தென்பழனி அடிவாரத்தைத் தாண்டினால் ஏற்றம்தான். 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர். பெயர்தான் பூ. சைக்கிளில் ஏறுகிறவனுக்கு முள்!

அந்த ரோட்டில்தான் என் தம்பி விழுந்தான். கை முறிந்தது. அவன் ஓட்டியது எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் "கியர்" சைக்கிள். வாங்கி 19 நாள்தான் ஆகியிருந்தது.

கொலை, கொள்ளை என்று ஊரார் செய்தியை எழுதுகிறவன் நான். இன்று வீட்டுச் செய்தியை எழுதுகிறேன். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

சீட்டுப் பணம்

தம்பி ஒன்பதாம் வகுப்பு. "கியர் சைக்கிள் வாங்கிக் கொடு" என்று ஒரு வருஷமாக அடம். "பிளஸ்-1 போனால் அரசாங்கச் சைக்கிள் வரும், பொறுடா" என்று அம்மா சொல்லிப் பார்த்தது. கேட்கவில்லை.

அப்பா வாழைத்தோப்பில் தார் வெட்டும் கூலி. சீட்டுப் பணம் எடுத்தார். ஒரு பெரிய கடைக்குப் போனோம். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். மிக்சி, பீரோ, கட்டில் விற்கிற இடத்தில் சைக்கிளும் வரிசையாக நின்றது.

தம்பி கை வைத்த வண்டி பார்க்க ராஜா மாதிரி இருந்தது. கொழுத்த டயர். முன்னால் இரண்டு ஸ்பிரிங். நடுவில் ஒரு ஸ்பிரிங். 21 கியர். பச்சை, கறுப்பு பெயிண்டு. அட்டைப்பெட்டியில் பாதி கழற்றி வந்ததை அங்கேயே ஒரு பையன் மாட்டினான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பணத்தைக் கட்டினோம். வந்துவிட்டோம்.

விழுந்தது எப்படி?

அன்றைக்கு லேசான தூறல். கூட்டாளிகளோடு அடிவாரம் வரை போன தம்பி, இறக்கத்தில் திரும்பி வந்திருக்கிறான். வளைவு. எதிரே ஜீப். பிரேக் பிடித்தான். பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. ஹேண்டில்பாரை ஒடித்தான். முன்சக்கரம் அவன் கால் விரலில் இடித்தது. அவ்வளவுதான், ரோட்டோரத்து மண்ணில் குப்புற விழுந்தான்.

ஜீப்காரர் நல்லவர். நிறுத்தி, தூக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இடது கை எலும்பு முறிவு. மாவுக்கட்டு. முன்பல்லில் பாதி போச்சு.

விதி என்று அம்மா அழுதது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சைக்கிள் கடைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போகும் வரை!

மேஸ்திரி சொன்ன ரகசியம்

எங்கள் தெருமுனை சைக்கிள் கடை மேஸ்திரிக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. வாடகைச் சைக்கிள் விட்ட காலத்திலிருந்து கடை நடத்துகிறார். வண்டியைப் பார்த்தார். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"தம்பி, இந்த போர்க்கைப் பாருப்பா. முன்னுக்குப் பின்னா மாட்டியிருக்கான்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவட்டை முன்னால வளைஞ்சு இருக்கணும். இது பின்னால வளைஞ்சு இருக்கு. சக்கரம் உள்ளாற வந்துருச்சு. ஒடிச்சுத் திருப்புனா கால்ல இடிக்காம என்ன செய்யும்?"

பிரேக்கைத் திருகினார். பிடி பிளாஸ்டிக். அழுத்தினால் அது வளைகிறதே தவிர கட்டை ரிம்மை இறுக்கவில்லை. ரிம் பளபளவென்று முலாம் பூசிய இரும்பு. "இந்த ரிம்மு மழையில நனைஞ்சா பிரேக் கட்டை வழுக்கும்பா. அலுமினிய ரிம்மு அப்படி இல்ல" என்றார்.

சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பாம்பு மாதிரி நெளிந்தது. கோட்டம்! போக்ஸ் கம்பிகளில் பாதி தளர்ந்து கிடந்தன. பெடல் அச்சில் கிரீஸ் கண்ணுக்கே தெரியவில்லை. பால்ரஸ் குண்டுகள் "கரகர" என்றன.

வந்து 19 நாள் ஆன புது வண்டி!

"ஸ்பிரிங்கு?" என்றேன்.

"அது அழகுக்கு. மிதிக்கிற பலத்துல பாதியை அதுவே தின்னுரும். கனம் வேற."

லட்ச ரூபாயில் என்ன இருக்கிறது?

அப்படியானால் லட்ச ரூபாய் சைக்கிளில் என்ன பெரிய மாயம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நிறுத்தியிருந்த ஒரு பந்தயச் சைக்கிளை, உரிமையாளரிடம் கேட்டு, தூக்கிப் பார்த்தேன். ஒரு கை போதும். இரண்டு விரலே போதும் போலிருந்தது!

நமது கறுப்புச் சைக்கிள் சுமார் 20 கிலோ. பந்தயச் சைக்கிள் 7, 8 கிலோ. இதைவிடவும் குறைக்க முடியும். ஆனால் குறைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உலக சைக்கிள் பந்தயச் சங்கம் 2000-ம் ஆண்டில் வைத்த விதிப்படி, பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது.

இதன் உடம்பு இரும்பு அல்ல. கார்பன் இழை. நூல் போன்ற இழையைத் துணியாக நெய்து, பசை சேர்த்து, அச்சில் வைத்து, சூட்டில் இறுக்குகிறார்கள். ஆள் ஏறி மிதிக்கிற அந்த உடம்பு மட்டும் சுமார் ஒரு கிலோதான் இருக்கும். டயர் நமது சைக்கிள் டயரைவிட ஒல்லி. உயர்ந்த ரகங்களில் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. கியர் பேட்டரியில் மாறுகிறது. பெயர் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனிகளின் மேல் ரகம் பத்து லட்சத்தையும் தாண்டும். கார் விலை!

குனிந்து ஓட்டுவது ஸ்டைலுக்கு அல்ல. சமதளத்தில் வேகமாகப் போகும்போது, மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. குனிந்தால் காற்றுக்குக் கொடுக்கும் கப்பம் குறைகிறது.

கணக்குப் போடுங்கள்

சரி, இத்தனை லட்சத்துக்கு எவ்வளவு லாபம்?

ஆள் 60 கிலோ என்று வையுங்கள். 7 கிலோ சைக்கிளோடு 67 கிலோ. 20 கிலோ சைக்கிளோடு 80 கிலோ. அதே ஆள், அதே பலத்தில் மலை ஏறுகிறார். இலேசான வண்டியில் ஒரு மணி நேரம் ஆகிற ஏற்றம், கனமான வண்டியில் (ஏற்றத்துக்கு ஏற்ற கியர் இருந்தால்) சுமார் 1 மணி 12 நிமிஷம் ஆகும். வித்தியாசம் 12 நிமிஷம்.

பந்தயக்காரனுக்கு 12 நிமிஷம் என்பது உயிர். பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு? ஒரு டீ குடிக்கிற நேரம்!

ஒரே ஆள், இரண்டு சைக்கிள்

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் யார் ஓட்டுவது என்று ஒரு உலக சாதனைப் போட்டி உண்டு. 1972-ல் பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் 49.431 கிலோ மீட்டர் ஓட்டினார்.

1996-ல் இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்டுமன், காற்றைக் கிழிக்கும் விசேஷ சைக்கிளில், கைகளை முன்னால் நீட்டிப் படுத்த மாதிரி ஓட்டி 56.375 கிலோ மீட்டர் போனார். ஏழு கிலோ மீட்டர் கூடுதல்!

"இது ஆள் சாதனையா, சைக்கிள் சாதனையா?" என்று சண்டை வந்தது. மெர்க்ஸ் ஓட்டிய மாதிரி பழைய பாணி சைக்கிளில்தான் இனி ஓட்ட வேண்டும் என்று சங்கம் உத்தரவு போட்டது. அதே போர்டுமன் 2000-ம் ஆண்டில் அப்படியே ஓட்டினார். எவ்வளவு தெரியுமா? 49.441 கிலோ மீட்டர். மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர்தான் அதிகம்!

பிறகு 2014-ல் விதியைத் தளர்த்தினார்கள். நவீன சைக்கிளுக்கு மீண்டும் வழி திறந்தது. 2022-ல் இத்தாலி வீரர் பிலிப்போ கன்னா 56.792 கிலோ மீட்டர் ஓட்டினார்.

ஆக, விலை உயர்ந்த சைக்கிள் ஏமாற்று அல்ல. கொடுக்கிற காசுக்கு வேகம் இருக்கிறது. பழைய கறுப்புச் சைக்கிளும் ஏமாற்று அல்ல. கொடுக்கிற காசுக்கு உழைப்பு இருக்கிறது. பந்தயச் சைக்கிளில் ஒரு வாழைத்தார் ஏற்ற முடியுமா? கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை!

மோசம் போவது நடுவில் நிற்கிற வேஷக்காரனிடம்தான். பந்தய வண்டி மாதிரி உடுப்பு. உள்ளே ஒன்றும் இல்லை.

எட்டாயிரம் ரூபாய்க்குள் 21 கியர், மூன்று ஸ்பிரிங், கொழுத்த டயர் எல்லாம் கொடுக்க வேண்டும் என்றால், தயாரிக்கிறவன் எதில் மிச்சம் பிடிப்பான்? கண்ணுக்குத் தெரியாததில் பிடிப்பான். பால்ரஸில், பிரேக்கில், போக்ஸ் கம்பியில், மாட்டுகிற கூலியில்! அதே காசுக்குக் கியர் இல்லாத சாதா சைக்கிள் வாங்கினால், அந்தப் பணம் முழுவதும் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் போகிறது.

நம்ம ஊர் சைக்கிள்

சாதா சைக்கிள் என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் அங்கிருந்து வந்தவை. லூதியானாவில் 1956-ல் பிறந்த ஹீரோ, உலகத்திலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி என்று 1986-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1951-ல் தொடங்கிய அட்லஸ் கம்பெனியின் கடைசித் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ந்தேதி வேலையை நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம்!

தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம், 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ்-1 படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. பஸ் வராத ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது கியர் இல்லாத அந்தச் சைக்கிள்தான்.

வாங்குமுன் பாருங்கள்

மேஸ்திரி சொன்னதைப் பெற்றோர்களுக்காகத் தருகிறேன்:-

1. முன் கவட்டையின் வளைவு முன்பக்கம் பார்க்கிறதா? பாருங்கள். ஹேண்டில்பாரை ஒடித்து, பெடலில் கால் வைத்து, சக்கரம் காலில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

2. பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்துங்கள். பிடி, கைப்பிடியைத் தொடக் கூடாது. பிடித்தபடி வண்டியைத் தள்ளினால் நகரக் கூடாது.

3. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். நெளிந்தால் கோட்டம்.

4. பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

5. புது வண்டியாக இருந்தாலும் ரோட்டில் விடுமுன் தெரிந்த மேஸ்திரியிடம் ஒரு தடவை கொடுத்து எல்லாவற்றையும் முறுக்கிக் கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை.

6. முன்னும் பின்னும் பெடலிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லைகள் இருக்கட்டும். அந்த வில்லைகள் தரமாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020-ல் உத்தரவே போட்டிருக்கிறது. குமுளி ரோட்டில் இரவில் ஓடும் லாரிகளுக்குச் சைக்கிள் தெரிவது அதனால்தான்.

இறக்கத்தில் ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து, வளைவு வருமுன்பே பிடியுங்கள். மழை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். மானம் போகாது.

கடைசியில்...

கடைக்குப் போய் நியாயம் கேட்டோம். "உங்க பையன் ஓட்டத் தெரியாம ஓட்டியிருக்கான்" என்றார்கள். போர்க்கைக் காட்டினேன். பதில் இல்லை. பணமும் இல்லை.

மேஸ்திரி போர்க்கைத் திருப்பி மாட்டினார். பிரேக் பிடிகளை மாற்றினார். பின் ரிம், முன் ரிம் இரண்டையும் அலுமினியமாக்கினார். ஓவராயில் செய்தார். மொத்தம் 2 ஆயிரத்து 300 ரூபாய். "கியரைத் தொடாதடா. ஒரே பல்லுல ஓட்டு" என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினார்.

கட்டு பிரித்தாகிவிட்டது. ஆனால் தம்பி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்கிறான். அப்பா தார் ஏற்றிப் போகும் பழைய கறுப்புச் சைக்கிளைத்தான் சாயங்காலம் எடுத்துப் போகிறான். அதற்கு அவனைவிட வயது அதிகம். குரங்குப் பெடல் போட்டு நான் ஓட்டப் படித்ததும் அதில்தான்.

எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வண்டி திண்ணையில் நிற்கிறது. சீட்டுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.